எண்ணிக்கைக்காரி

மாதத்தில் நான்கு நாள்
ஆண்கள் வார்டில், துணி வண்டிக்குப் பின்னால் நின்று
கைகளை எண்ணுவது என் வேலை.
கழுவிய கைக்குக் கோடு.
கழுவாத கைக்கு வட்டம்.
முகங்களுக்கு இந்தத் தாளில் பத்தி கிடையாது.

ஜெலுத்தோங் கடலோரம்,
நன்கொடையில் நடக்கும் மருத்துவமனை.
சேற்று வாடையும் புளீச் வாடையும்
காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும்.

மே மாதம் ஒன்பதாம் கட்டிலில்
லோரி ஓட்டும் சன்னாசி, கால்விரலில் புண்.
ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
வரிசையாக மருந்துப் பெயர்கள், எதிரே
ஆர், ஆர், ஆர், ஆர்,
எதற்கும் மசியாத கிருமியின் கையெழுத்து.
அடியில் ஒரே ஓர் எஸ்.
அந்த ஒற்றை எழுத்துக்கு
ஒரு நாளைக்கு முந்நூறு வெள்ளி.
சிறுநீரகம் தரும் விலை தனி.

மறுவாரம் பதினோராம் கட்டில்.
பிறகு நான்காம் கட்டில்.
கிருமிக்குக் கால் இல்லை.
யாரோ கைப்பிடித்துக் கூட்டிப்போகிறோம்.

டாக்டர் ஜெயசீலன் ஓர் இயந்திரம் கேட்டார்:
இரண்டே மணி நேரத்தில்
கிருமியின் குலம் கோத்திரம் சொல்லுமாம்.
தலைவர் விலைத்தாளை வாங்கி
சைபர்களை விரல் வைத்து எண்ணினார்.
எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார்.
எங்களுக்குப் புரிந்தது.

கம்பியை வளைத்துக்
கட்டில் காலுக்கு ஒரு ஸ்பிரிட் போத்தல் கட்டினோம்.
ஷெஃபாலி அதுவரை
ஒரே துணியால் ஒன்பது கட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள்;
கொடுத்தது ஒன்று, அவள் என்ன செய்வாள்?
பழைய போர்வைகளைக் கிழித்தோம்.
கட்டிலுக்கு ஒரு துண்டு, மாலையில் வெந்நீர்.

குழாய்க்காரர் செங் ஹோ
கைகழுவும் தொட்டி முன் வெகுநேரம் நின்றார்.
"தண்ணி நேரா ஓட்டைக்குள்ள விழுது, மிஸ்ஸி.
அடியில இருக்கிறதெல்லாம் மேல தெறிக்கும்."
குழாயை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார்.
கூலி வேண்டாமென்று
ஒரு கோப்பி ஓ மட்டும் குடித்தார்.

என் தாளில் வட்டங்கள் குறைந்தன.
டாக்டர்கூடக் கோடாக மாறினார்.
எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஜூன் பத்தொன்பது. பதினான்காம் கட்டில்.
ஆர், ஆர், ஆர், ஆர்.

மிச்சமிருந்தவை இருபது சோதனைக் குச்சிகள்.
திரை, சலைன் கம்பம், தொலைபேசி,
ரத்த அழுத்தக் கருவியின் பட்டை, கதவுப் பிடி
எல்லாவற்றையும் தடவினோம்.
இரண்டு குச்சி மீந்தது.
வீணாக வேண்டாமே என்று
என் எழுதுபலகைக்கு ஒன்று,
அதில் நூலால் கட்டிய பேனாவுக்கு ஒன்று.

நான்காம் நாள் கோமளவல்லி அழைத்தாள்.
"அக்கா, இருபதாம் நம்பர் எது?"

எண்ணுவதற்கு முன் கழுவினேன்.
எண்ணி முடித்தும் கழுவினேன்.
நடுவில் எழுதினேன்.
எழுதிய பலகையைக் கட்டில் ஓரத்தில் வைத்து
தலையணை சரிசெய்தேன்,
சன்னாசியின் மகள் எண்ணை அதே பேனாவால் குறித்தேன்,
நான்காம் கட்டில்காரர் கையொப்பமிட
அதைத்தான் நீட்டினேன்.

எண்ணுகிறவளுக்குத் தாளில் பத்தி இல்லை.
ஓரத்தில், காலி இடத்தில்,
ஒரு வட்டம் போட்டேன்.
புதுப் பேனாவால்.

இருபத்து நான்கு பேனா, ஒன்று அறுபது காசு.
பதினான்கு வெள்ளி நாற்பது.
கணக்குப் பிரிவில் புவான் சவுதா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
எழுதுபொருளில் இந்த வருடம் பணம் இல்லையாம்.
மருந்தில் எழுதுங்கள் என்றேன்.
சிரித்தார். எழுதினார்.

சன்னாசி இரண்டு விரல் குறைந்து
ஜூலையில் வீடு போனார்.
நான்காம் கட்டில்காரர் போகவில்லை.
அவர் கையொப்பம்,
கடைசி எழுத்தின் சுழி தாளைவிட்டு வெளியே ஓடியது,
என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

இன்று காலை எண்ணினேன்.
கட்டிலுக்கு ஒன்றாகக் கட்டிய பேனாக்களில்
மூன்றைக் காணோம்.
ஒன்று டாக்டரின் சட்டைப் பையில்
அறுந்த நூலோடு எட்டிப் பார்த்தது.
பேசாமல் கையை நீட்டினேன்.

அவர் முதலில் போத்தலை அழுத்தினார்.